தண்ணீரைப் பார்த்துத் தூள் வாங்குங்கள்: நெல்லைச் சீமையில் துணி துவைக்கப் பழகுபவர்களுக்கு

நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரத்தில். ஆற்றுத் தண்ணீரில் ஒரு துண்டு பார் சோப்பு ஒரு வீட்டுத் துணிக்கே போதும். கல்யாணமாகித் திசையன்விளைப் பக்கம் வந்த முதல் மாதத்திலேயே வீட்டிலிருந்த வெள்ளை வேட்டிகளெல்லாம் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிட்டன. சோப்பு நுரைக்கவில்லை, வாளியின் ஓரத்தில் வெள்ளைப் பசையாக ஒட்டிக்கொண்டது. சோப்பு போலி என்று நினைத்து மூன்று வகை மாற்றிப் பார்த்தேன். குற்றம் சோப்பிலில்லை, தண்ணீரில்தான் என்று அத்தை சொன்ன பிறகே எனக்கு விளங்கியது. அதனால் புதிதாகக் குடும்பம் தொடங்குபவர்களுக்கும், வேலைக்காக இந்தப் பக்கம் குடிவந்து முதன்முறையாகத் தாங்களே துவைப்பவர்களுக்கும் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அடுத்து துணி, பிறகு கறை. தூள் கடைசியில்.

உங்கள் வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர்?

பொதிகை மலையில் பிறந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. பாபநாசம், அம்பை, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று ஆற்றை ஒட்டிய ஊர்களில் அந்தத் தண்ணீர் கிடைப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஆற்றை விட்டு விலகி நாங்குநேரி, ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் போனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் பெரும்பாலும். நாம் அதை 'உப்புத்தண்ணீர்' என்கிறோம். ஆனால் துவைப்பைக் கெடுப்பது சமையல் உப்பு அல்ல. கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். இவை சோப்போடு சேர்ந்து கரையாத பசையாகி, துணியிலேயே படிந்துவிடுகின்றன. வேட்டி பழுப்பதும், துண்டு காய்ந்தபின் அட்டைபோல விறைப்பதும் இதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, பார் சோப்பைச் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டு, நன்றாகக் குலுக்குங்கள். மேலே தடித்த நுரை நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தால் மென்னீர். நுரை உடனே அடங்கி, தண்ணீர் பால்போலக் கலங்கி, திரிதிரியாக மிதந்தால் கடினநீர். டிடர்ஜென்ட் தூளைப் போட்டுச் சோதிக்காதீர்கள். அது கடினநீரிலும் நுரைக்கும். உங்களுக்கு உண்மை தெரியாது.

கடினநீர் என்றால், மளிகைக் கடையில் சலவைச் சோடா வாங்கி வையுங்கள். ஆப்பத்துக்குப் போடும் சோடா வேறு, இது வேறு. மாற்றி வாங்கிவிட வேண்டாம். 15 லிட்டர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு தூளைப் போடுங்கள். சோடா முதலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் தூள் அழுக்கோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். பட்டு, கம்பளி இரண்டுக்கும் சோடா ஆகாது. அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. கையில் புண் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் குழாயில் நல்ல தண்ணீரும் கிணற்றில் உப்புத்தண்ணீரும் என்று இரண்டும் வருகிறதா? உப்புத்தண்ணீரில் துவைத்து, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். ஒரு வாளிதான் கூடுதலாகச் செலவாகும். துணியில் வரும் வேறுபாடு கையில் தொட்டாலே தெரியும்.

சில கிணறுகளில் இறைக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், இரவு கழிந்தால் செம்மஞ்சள் நிறத்தில் அடியில் படியும். அது இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. அந்தத் தண்ணீரை இரவே பிடித்து வைத்து, மறுநாள் மேலாகத் தெளிந்ததை மட்டும் முகந்து துவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு செங்கலங்கலாக ஓடும்போதும் இதே முறைதான். கூடவே ஒரு படிகாரக் கட்டியைத் தண்ணீருக்குள் நாலைந்து சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டால், காலையில் மண் அடியில் தங்கிவிடும். கலங்கல் தண்ணீரில் வேட்டியை நனைத்துவிட்டு, பிறகு எத்தனை சொட்டு நீலம் போட்டாலும் பழைய வெள்ளை வராது.

எதை வாங்குவது?

சோப்பு என்பது எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்வது. டிடர்ஜென்ட் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் வேதிப்பொருள்களால் ஆனது. கடினநீரில் சோப்பைப்போலத் திரிந்துபோகாது. சர்ப் இந்தியாவில் 1959-இல் வந்தது, நிர்மா 1969-இல். அதற்கு முன்பு பார் சோப்பு. அதற்கும் முன்பு உவர்மண். உவர்மண் கரைசலில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானையில் ஆவி பிடித்து வெளுத்த சலவைத் தொழிலாளர்களுக்கு, காரமும் சூடும் சேர்ந்தால் எண்ணெய் அழுக்கு கழலும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. இன்றைய பாக்கெட்டில் இருக்கும் சோடாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கைத்திறனை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

தூள், கடினநீருக்கும் மண் அழுக்குக்கும் ஏற்றது. திரவம், எண்ணெய்க் கறைக்கும் சாயத் துணிக்கும் நல்லது, திட்டாகப் படியாது. பார் சோப்பு, காலரையும் கைப்பட்டியையும் தேய்க்க. இயந்திரம் முன்பக்கக் கதவு உள்ளதென்றால் அதற்கென்றே விற்கும் குறைநுரை வகையைத்தான் போட வேண்டும். அதில் துணி மேலிருந்து விழுந்து அடிபட்டுத்தான் வெளுக்கிறது. நுரை நிறைந்தால் மெத்தைபோலத் தாங்கிக்கொள்ளும், அடி படாது. பொதுவாகவே நுரைக்கும் வெளுப்புக்கும் தொடர்பில்லை. வாசனைக்கும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் வாசனை இல்லாததை வாங்கி, ஒரு அலசல் கூடுதலாகப் போடுங்கள்.

பாக்கெட்டில் 'என்சைம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் நொதி. இரத்தம், பால், வியர்வை போன்ற புரதக் கறையை ஒரு நொதியும், கஞ்சி, சோறு போன்ற மாவுக் கறையை இன்னொன்றும், எண்ணெயை வேறொன்றும் உடைக்கும். இவை வெதுவெதுப்பான நீரில், நேரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். கொதிநீரை ஊற்றினால் செத்துவிடும். அரைமணி முதல் இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் போதும். இரவு முழுக்க ஊறப்போடும் பழக்கத்தை விடுங்கள். கழன்ற அழுக்கு திரும்பவும் துணியிலேயே ஏறும், சாயமும் இறங்கும். பட்டும் கம்பளியும் தாமே புரதம் என்பதால் நொதித் தூள் அவற்றை அரித்துவிடும்.

வெளுப்பான்களில் இரண்டு வகை உண்டு. குளோரின் வகை கடுமையானது; வெள்ளைப் பருத்திக்கு மட்டும். ஆக்சிஜன் வகை தூளாக வரும்; வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைக்கலாம். சாயத் துணிகள் பெரும்பாலானவற்றுக்கும் ஆகும். பட்டு, கம்பளிக்கு ஆகாது. ஓர் எச்சரிக்கையை மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள்: குளோரின் வெளுப்பானோடு எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவும் அமிலம், அம்மோனியா எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

ஆகத் தொடக்கத்தில் அலமாரியில் வேண்டியவை: நொதியுள்ள தூள், மென்மையான திரவம் சிறு புட்டி, ஒரு பார் சோப்பு, சலவைச் சோடா, ஆக்சிஜன் வெளுப்பான், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). விளம்பரத்தைப் பார்த்து ஏழெட்டுப் புட்டி வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போடவும் வேண்டாம். மிஞ்சிய தூள் துணியில் தங்கித் தோலை அரிக்கும்.

கறை பட்டவுடன்

எந்தக் கறையானாலும் முதல் அரைமணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது. தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போங்கள். துணியைத் திருப்பிப் பின்பக்கமாகத் தண்ணீர் விட்டால், கறை வந்த வழியே திரும்பிப் போகும். என்ன கறை என்று தெரியாவிட்டால் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம். புது மருந்து எதையும் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கறை முழுதும் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. சூடு பட்டால் கறை உறைந்துவிடும்.

மஞ்சள்

புதியவர்கள் அதிகம் பதறுவது இதற்குத்தான். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். கறை கூடிவிட்டது என்று பயந்து இன்னும் சோப்புப் போடுவார்கள். ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் செக்கச்செவேலென்று ஆகிறதல்லவா? சுண்ணாம்பு காரம், சோப்பும் காரம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தில் சிவக்கும். காரம் போனதும் மீண்டும் மஞ்சளாகும். பயப்பட ஒன்றுமில்லை.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் ஒட்டும். ஆகவே முதலில் எண்ணெயைக் கழற்றுங்கள்: பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரலால் மெதுவாகப் பரப்பி, பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளுக்கு நம் ஊர் வெயில்தான் மருந்து. குர்குமினை வெயில் சிதைத்துவிடும். ஈரத்தோடு வெயிலில் விரித்து, காய்ந்தால் மறுபடி நனைத்து விரியுங்கள். ஒரே நாளில் பாதி போகும். இரண்டு மூன்று நாளில் இடம் தெரியாது. 'கறை போகும்வரை வெயிலில் போடாதே' என்று பிற கறைகளுக்குச் சொல்வார்கள். மஞ்சளுக்கு மட்டும் அது பொருந்தாது. சாயத் துணியென்றால் கறை உள்ள இடத்தை மட்டும் வெயில் படும்படி மடித்துப் போடுங்கள்.

வாழைக்கறை

களக்காடு, ஏர்வாடி, திருக்குறுங்குடிப் பக்கம் குடிவந்தவர்கள் இதை முதல் வாரத்திலேயே சந்திப்பார்கள். வாழைச்சாறு படும்போது தண்ணீர்போல நிறமற்று இருக்கும். அதனால் யாரும் கவனிப்பதில்லை. காற்றுப் படப் பழுத்து, சிவந்து, கடைசியில் கரும்பழுப்பாக நூலுக்குள் இறங்கிவிடும். அதற்குள்ளே இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை இது. எனவே நிறம் தெரியாதபோதே கழுவுவதுதான் வைத்தியம். தோட்டத்திலேயே, பம்புசெட்டுத் தண்ணீரிலேயே, சட்டையைக் கழற்றி நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும்.

காய்ந்துவிட்டதென்றால், ஒரு கரண்டி எலுமிச்சை உப்பை ஒரு குவளை வெந்நீரில் கரைத்துக் கறையில் அரைமணி நேரம் விட்டு, நன்றாக அலசி, பிறகு ஆக்சிஜன் வெளுப்பானில் ஊறவையுங்கள். நிறம் மங்கும். பல மாதப் பழைய கறை முழுதாகப் போகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், பெரும்பாலும் போகாது. அந்தக் காலத்தில் சலவைக்கு வரும் துணி யார் வீட்டுடையது என்று அடையாளமிட, எத்தனை வெளுப்புக்கும் அழியாத சேராங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தினார்கள். வாழைக்கறை அதற்குத் தங்கை முறை. தோட்ட வேலைக்கென்று ஒரு பழைய சட்டையும் ஒரு சாரமும் (லுங்கி) ஒதுக்கிவிடுவதே அறிவு. வீட்டில் வாழைத்தண்டோ வாழைப்பூவோ நறுக்கும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, மடியில் ஒரு கந்தலை விரித்துக்கொள்ளுங்கள்.

செம்மண் மேடுகளான தேரிக்காட்டுப் பக்கம் பங்குனி, சித்திரையில் கொல்லாம்பழம் தின்னும் பிள்ளைகளின் சட்டையிலும், நுங்கு வெட்டுபவர்களின் சட்டையிலும் ஏறுவதும் இதே துவர்ப்புக் கறைதான். டீ, காபியும் இந்த வகைதான். இவற்றுக்குப் பார் சோப்பைத் தேய்க்காதீர்கள். சோப்பு இந்தக் கறையை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும். திரவ டிடர்ஜென்ட்டும் ஆக்சிஜன் வெளுப்பானும் போதும். பதநீர் வேறு, அது வெறும் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரைந்துபோகும்.

எண்ணெய், நெய்

இலையில் வாங்கிய அல்வா மடியில் ஒழுகியதென்றால், முதலில் அரிசி மாவையோ கடலை மாவையோ தூவி, கால் மணி நேரம் நெய்யை உறிஞ்ச விடுங்கள். உதறிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணி தாங்கும் அளவு வெந்நீரில் அலசுங்கள். நெய் குளிர்ந்தால் உறையும். பச்சைத் தண்ணீரில் அது அசையாது. மீன் குழம்புக்கு முதலில் இந்த முறை, பிறகு மஞ்சளுக்குச் சொன்னது. சைக்கிள் சங்கிலி மசகு பட்டிருந்தால் பலர் மண்ணெண்ணெய் தொடுவார்கள். அது கழற்றும்தான், ஆனால் அடுப்பருகே வேண்டாம், கையால் முழுக்கத் துவைத்து வாடை போகாமல் அந்தத் துணியை இயந்திரத்திலும் போட வேண்டாம்.

இரத்தம், பால்

பச்சைத் தண்ணீர், உடனே. வெந்நீர் பட்டால் முட்டை வெள்ளைக்கரு வேகுவதுபோல இரத்தமும் துணியிலேயே வெந்து உறைந்துவிடும். பிறகு நொதித் தூளில் ஒரு மணி நேரம். வெள்ளைப் பருத்தியில் மிச்சம் நின்றால் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். 6 சதவீதம் என்று எழுதியிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரைத்து வரும், ஒற்றி எடுத்து அலசுங்கள். குழந்தை கக்கிய பாலுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர்தான்.

மண்ணும் துருவும்

ஈர மண்ணைத் தேய்ப்பதைவிடப் பெரிய தவறில்லை. காயவிட்டு, உதறி, தூரிகையால் தட்டிய பிறகே தண்ணீர். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் வழவழவென்று நூலுக்குள் புகும். அதற்குச் சோடா கலந்த தூளில் ஊறவைத்துக் கல்லில் கும்மினால் போகும். தேரிச் செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருவால் வருவது. அதற்கும், பீரோக் கம்பித் துருவுக்கும், இரும்புள்ள கிணற்றுத் தண்ணீர்க் கறைக்கும் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் இன்னும் அழுத்தமாக ஏறும். எலுமிச்சைச் சாற்றில் கொஞ்சம் உப்புச் சேர்த்துத் தடவி வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். எலுமிச்சை உப்புக் கரைசலும் ஆகும்.

பள்ளிச் சீருடை

பாளையங்கோட்டையில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களுக்கு வெள்ளைச் சட்டையோடுதான் வாரம் முழுவதும் போராட்டம். பால்பாயிண்ட் மைக்குக் கைகழுவும் சானிடைசரோ ஸ்பிரிட்டோ போதும். கறைக்கு அடியில் பழந்துணியை வைத்து, மேலிருந்து பஞ்சால் ஒற்றுங்கள். மை கீழே இறங்கும். பழந்துணியை அடிக்கடி நகர்த்துங்கள், இல்லாவிட்டால் மை திரும்ப ஏறும். காலர் மஞ்சள், வியர்வையும் உடம்பு எண்ணெயும் சேர்ந்தது. குளோரின் அதை இன்னும் மஞ்சளாக்கும். திரவத்தைத் தடவி அரைமணி வைத்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும்.

கரும்பன்

தென்காசி, குற்றாலத்தில் சாரல் காலமும், மற்ற இடங்களில் அடைமழையும் கொண்டுவரும் பூஞ்சை இது. ஈரத் துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டால் இரண்டு மூன்று நாளிலேயே புள்ளி விழும். வெள்ளைப் பருத்தியென்றால் நீர்த்த குளோரின் வெளுப்பானில் பத்து நிமிடம் வைத்து நன்றாக அலசலாம். மற்றவற்றுக்கு ஆக்சிஜன் வகை. பழையதில் பாதிதான் போகும். மழைநாளில் துவைத்ததை உடனே விரிக்க இடமில்லை என்றால், அன்று துவைக்கவே வேண்டாம்.

வேட்டியும் பட்டும்

ஆனித் தேரோட்டத்துக்குப் போய்வந்த வேட்டியில் குங்குமம், சந்தனம், வியர்வை, மண் எல்லாம் இருக்கும். குங்குமத்தை நனைக்கும் முன்பு உதறித் தட்டிவிடுங்கள். ஈரம் பட்டால் பரவும். தும்பைப்பூ வெள்ளை வேண்டுமென்றால் துவைத்து, அலசி, பிறகே நீலம். ஒரு வாளியில் முழுதும் கரைத்த பின் துணியை முக்குங்கள். சொட்டு நேராக வேட்டியில் விழுந்தால் திட்டு நிற்கும். கஞ்சி கடைசியில், வடிகட்டியதாக, மெல்லியதாக.

பட்டுக்கும் வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலைக்கும் தூளும் சோடாவும் வேண்டாம். மென்திரவம் சில சொட்டு, அல்லது பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து வடித்த நீர். முக்கி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். சரிகையில் எண்ணெய் பட்டிருந்தால் வீட்டில் கைவைக்காமல் சலவைக்காரரிடம் கொடுப்பதே நல்லது.

துவைத்த தண்ணீரை எங்கே விடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். படித்துறையில் குளிப்பது நம் உரிமைபோல வந்த வழக்கம். ஆனால் சோடாவும் தூளும் கலந்த நுரையை ஆற்றில் விடாதீர்கள். கீழ் ஊர்களில் அதைத்தான் குடிக்கிறார்கள். வீட்டில் துவைக்கும்போதும் முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. சோடியம் மண்ணை இறுகச் செய்யும். அதைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, கடைசி இரண்டு அலசல் தண்ணீரை மட்டும் தென்னைக்கும் வாழைக்கும் மாற்றி மாற்றி விடுங்கள். வெளுப்பான் போட்ட நாளில் அதுவும் வேண்டாம்.